ஆணி அடிக்காத வீடு

"இதுக்கு வாலு எவ்வளவு நீளம்?"

என் கணவர் கேட்டார். நான் சமையலறையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டாரா, தன்னைத்தானே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் அது ஒரு முழு வாக்கியம். பெருமழைக்குப் பிறகு "ம்", "வேண்டாம்", "அங்கன வை" என்பதைத் தாண்டி அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தேன். பின்னறைத் தரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே தக்காளி அடுக்குகிற நீலப் பிளாஸ்டிக் கிரேட். அதற்குள் பச்சைப் பசேலென்று பெரிய ஓணான் மாதிரி ஒரு பிராணி. அவர் கையில் இன்ச் டேப். டேப்பின் தகட்டைக் கண்டதும் அது கழுத்துத் தோலை விரித்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. அவர் டேப்பைப் பின்னுக்கு இழுத்து, அது அடங்குகிறவரை காத்திருந்து, மறுபடி பைய நீட்டினார்.

"உடம்பு ஒரு சாண்தான். மிச்சமெல்லாம் வாலு," என்றார். "இந்தப் பொட்டிக்குள்ள கெடந்தா வாலு கோணிப் போயிரும்லா."

நான் ஆமாம் என்றுகூடச் சொல்லவில்லை. என் குரல் கேட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்த பாளையங்கோட்டை டாக்டரும், வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்ன அத்தனை பேரும் பேச வைக்க முடியாத மனிதரை ஒரு வால் பேச வைத்திருந்தது.

கூடையில் வந்தது

அந்தப் பிராணிக்குப் பெயர் இகுவானா. கடல் தாண்டிய தேசத்துச் சாதி. எங்கள் மகள் ரிஸ்வானா சென்னையில் வேலை பார்க்கிறாள். அவளோடு வேலை பார்த்த பெண் அதை வளர்த்து வந்தாள். கல்யாணமாகி வெளிநாடு போகிறபோது, முறையாகப் பதிவு செய்த பிராணிதான் என்று சொல்லி இவள் கையில் கொடுத்துவிட்டாள். விடுதிக்காரம்மா ஒருநாள் கட்டிலுக்கடியில் அதைப் பார்த்துவிட்டு, ஒன்று அது இருக்க வேண்டும், இல்லை நீ இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

மூடி போட்ட பழக்கூடையில் வைத்து, மேலே துப்பட்டாவைப் போர்த்தி, பஸ்ஸில் கொண்டுவந்து இறங்கினாள்.

"கொஞ்ச நாளைக்குத்தான் உம்மா. தனியா வீடு பாத்ததும் கூட்டிட்டுப் போயிருதேன்."

"இது கடிக்குமா?"

"கீரை திங்கிற சீவன் உம்மா. பேரு மல்லி."

கொத்தமல்லி நிறத்தில் இருந்ததால் அந்தப் பெயர். கீரை, பப்பாளி, செம்பருத்திப் பூ, இவைதான் தீனி. அதற்கென்று ஒரு விசேஷ விளக்கும் கொண்டுவந்திருந்தாள். வெயிலில் இருப்பது அந்த விளக்கிலும் இருக்குமாம். காலையில் போட்டால் சாயங்காலம்தான் அணைக்க வேண்டும். வெளியே மட்டும் விட்டுவிடக் கூடாது; மரத்தில் ஏறினால் பிடிக்க முடியாது, காக்காயும் பூனையும் வேறு. எல்லாம் சொல்லிவிட்டு மறுநாளே கிளம்பிப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு ராத்தா வாசலோடு நின்றுகொண்டார். "நம்ம வீட்டுல ஓணானா மைமூன்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நான் பிறந்து வளர்ந்த மேலப்பாளையத்தில் பிள்ளைகள் நாங்கள் ஓணானைக் கண்டால் சும்மா விடமாட்டோம். இப்ராஹீம் நபியை நெருப்பில் போட்டபோது இந்த இனம்தான் நெருப்பை ஊதி வளர்த்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். வேலியில் ஒன்று தலையாட்டினால் போதும், பையன்களுக்கு முன்னால் நான் கல்லெடுப்பேன். குறி தப்பாது என்று எனக்கு ஒரு பெயரே உண்டு.

அந்தக் கையாலேயே இப்போது செம்பருத்தி இதழைப் பிய்த்து நீட்டினேன். அது தடித்த நாக்கை நீட்டி ஒட்டி எடுத்துக்கொண்டது. நாக்கு விரலில் பட்டது. ஈரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவாக இல்லை, பூனைக்குட்டி நக்கியதுபோல லேசாகப் பிசுபிசுத்தது.

பலகை கரைந்த நாள்

பெருமழையைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். படிக்காதவர்களுக்காக, அதில் எங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் கணவர் ஹமீது, சவூதியில் தமாமில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் மெஷினில் நின்றவர். ஊர் திரும்பியதும் பேட்டையில் ஒரு ஷெட் பிடித்து, பலகை அறுக்கவும் ஓரம் ஒட்டவும் மெஷின் வாங்கிப் போட்டு, சமையலறை அலமாரி செய்து கொடுத்துவந்தார். நான் அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் தமிழாசிரியை. காலையில் ஒரே வண்டியில் கிளம்புவோம். என்னைப் பள்ளியில் இறக்கிவிட்டு அவர் பேட்டைக்குப் போவார். வண்டியில் போகிறபோது வாய் ஓயாமல் பேசுவார். தலைக்கவசத்துக்குள்ளிருந்து பாதிதான் காதில் விழும். நான் "ஆமா, ஆமா" என்பேன்.

அந்த மழையில் குளத்துத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்துவிட்டது. வடிந்த பிறகு நானும் கூடப் போனேன். ஷட்டரைத் தூக்கியதும் ஊறின மரமும் சேறும் சேர்ந்த நாற்றம். பிளைவுட் பலகைகள் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன. மரத்தூளை அழுத்திச் செய்கிற பலகை, டீயில் முக்கிய ரஸ்க்காக ஆகியிருந்தது. ஒன்றைத் தூக்கினார். கையில் விளிம்பு மட்டும் வந்தது. நடுப்பகுதி சொதசொதவென்று காலடியில் விழுந்தது.

மெஷின் மோட்டார்களுக்குள் சேறு. எல்லாமே பழைய இரும்புக்குத்தான் போயின. உள்ளே பரணில் கிடந்த கொஞ்சம் தேக்குப் பலகை மட்டும் தப்பித்தது. அதை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து பின்சுவரில் சாத்திவைத்தோம்.

அன்றைக்கு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அழவில்லை. கோபப்படவில்லை. வந்தவர்கள் பொறுமையைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். சாப்பாட்டை வைத்தால் சாப்பிட்டார், எடுத்தால் விட்டார். டிவி ஓடினால் அதைப் பார்ப்பார். அணைத்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரை பாட்டுக்கு மாத்திரை. கைக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா," என்றார். நான் பூண்டு உரிக்கக் கொடுத்தேன். உரித்துக் கொடுத்தார். தோலும் பல்லுமாக இரண்டு குவியல். பிறகு அந்த இரண்டு குவியலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் வால் எவ்வளவு நீளம் என்று கேட்டார்.

பிடி, விடு

பிளைவுட் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைச் சொன்னபோது முகம் ஒரு மாதிரி ஆனது. சுவரில் சாத்தியிருந்த தேக்கை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார்.

மெஷின் இல்லை. ஆகவே கையால்தான் வெட்ட வேண்டும். பேட்டையில் எங்கள் ஷெட்டுக்குப் பக்கத்தில் கடைசல் பட்டறை வைத்திருக்கும் பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் ரம்பம், உளி, கொட்டாப்புளி, இழைப்புளி எல்லாம் இரவல் கேட்கச் சொல்லி என்னைத்தான் போன் போடச் சொன்னார். அண்ணாச்சி அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஹமீது பாய் ஏதோ கேட்டிருக்கிறார் என்பதே அவருக்குச் சந்தோஷம். வந்து கிரேடுக்குள் குனிந்து பார்த்தார்.

"என்னவே பாய், முதலைக்குட்டியா வளக்கீரு?"

"மக கொண்டாந்தா அண்ணாச்சி. இதுக்கு ஒரு வீடு செய்யணும்."

"வீடுன்னா? நாலு பலகைய நிறுத்தி ஆணிய அடிச்சா முடிஞ்சுது. இதுக்கா இம்புட்டு உளி?"

"தெனம் தண்ணி தெளிக்கணும். ஆணி துருப்பிடிச்சிரும். பசை போட்டா லைட்டுச் சூட்டுல வாடை கெளம்பும், அதுக்கு ஆவாது. மரத்துக்கு மரமே பூட்டிக்கிடணும்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இவ்வளவு நீளமாக அவர் பேசி இருவரும் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது.

மரத்துக்கு மரம் பூட்டுவது எப்படி என்று அப்போதுதான் பார்த்தேன். ஒரு பலகையின் ஓரத்தில், புறா வாலை விரித்ததுபோல வரிசையாகப் பற்கள் வெட்ட வேண்டும். எதிர்ப்பலகையின் ஓரத்தில் அதே அளவுக்குப் பள்ளம் பொளிய வேண்டும். இரண்டையும் செருகித் தட்டினால் மூலை பிடித்துக்கொள்ளும். வந்த வழியே தட்டினால்தான் கழலும். வேறு எந்தப் பக்கம் இழுத்தாலும் வராது. தொழில் கற்ற புதிதில் செய்ததாம். பிறகு எல்லாம் மெஷின்தான். கை மறந்துபோயிருந்தது. முதலில் வெட்டின பற்கள் கோணல் மாணலாக வந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் லேசாகச் சிரித்தார்.

பள்ளி விட்டு வந்ததும் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. "பிடி" என்பார். "விடு" என்பார். ரம்பம் ஓடுகிறபோது பலகையின் அதிர்வு என் உள்ளங்கையில் ஏறும். தேக்குத்தூள் வாசனை தலையணை வரைக்கும் வந்துவிட்டது. சோறு இன்னும் கொஞ்சம் போடு என்றார் ஒருநாள். ஒரு வெள்ளிக்கிழமை, நான் சொல்லாமலே, சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். அவர் தெருமுனை திரும்புகிறவரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எப்படிச் செய்யப்போகிறார் என்பதைக் கையால் காற்றில் வரைந்து காட்டுவார். "இங்கன ஒரு கிளை நட்டுருவேன், ஏறிக் கெடக்கும். மேல பலகை வேண்டாம். கம்பிவலை போட்டு மாடியில கொண்டு வச்சிருவோம். காலை வெயில் நேரா உள்ள விழும்."

இதை அவர் சொன்னது, வேலை தொடங்கிய முதல் வாரத்தில். பின்னால் நடந்ததற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

குட்டையான பெட்டி

நான்கு பலகையும் ஒன்றுசேர்ந்து பெட்டியாக நின்ற அன்று, நான் பாயசம் வைத்தேன். அவர் கிண்ணத்தை வாங்கி வைத்துவிட்டு, செல்போன் விளக்கைப் பெட்டிக்குள் பிடித்து ஒவ்வொரு மூலையாக வெளியிலிருந்து பார்த்தார். ஒரு மூலையில் தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

"சரியில்ல," என்றார்.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது பெட்டி மறுபடி நான்கு பலகையாகக் கிடந்தது. பற்களை அறுத்தெறிந்துவிட்டுப் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் முறை வேறொரு மூலை. அதன் பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவை பற்களை அறுத்தெறிகிறபோதும் பலகை குட்டையாகும். ஒன்று குட்டையானால் எதிர்ப்பலகையையும் அதற்குச் சமமாக அறுக்க வேண்டும். ஒருநாள் அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்படியே போனா கடைசியில பல்லிக்குத்தாம்வே இந்தப் பொட்டி சரியா இருக்கும்."

என் கணவர் சிரிக்கவில்லை. சுவரில் சாத்தியிருந்த மிச்சத் தேக்கில் நீளமான பலகைகளை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார்.

மகள் போனில் கேட்டுக்கொண்டே இருந்தாள். வாப்பா வீடு கட்டி முடிச்சாச்சா என்று. தனி வீடு அவளுக்கு இன்னும் அமையவில்லை. மல்லி பின்னறையில், அதே கிரேடில், அதே விளக்கடியில் கிடந்தது. விளக்கு ஒருநாள்கூடத் தவறாமல் எரிந்தது. காலையில் எழுந்ததும் நான்தான் சுவிட்சைப் போடுவேன்.

ஒரு சாயங்காலம், பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது பொறுமை இழந்து கேட்டுவிட்டேன்.

"இது எப்பங்க முடியும்?"

ரம்பம் நின்றது. அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"முடிஞ்சா?"

"முடிஞ்சா மல்லிய உள்ள விடலாம்."

"அதச் சொல்லல. முடிஞ்சா நான் என்ன செய்ய?"

தெருவில் ஒரு குல்பி வண்டி மணியடித்துக்கொண்டு போனது.

"இன்னொண்ணு செய்யுங்க," என்றேன்.

"யாருக்கு?"

அவர் ரம்பத்தை மறுபடி கோட்டில் வைத்தார். "பிடி" என்றார். பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தத் தலைமுடி வெளிச்சத்தை அவர் தேடித்தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். அது தெரியாமல் போய்விட்டால் மறுபடி அந்த நாற்காலிதான். நாற்காலியைக் கண்டு அவருக்கு இருந்த பயம் அன்று எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தி மஃரிபு தொழுதுவிட்டுக் கையேந்தியபோது, இந்தப் பெட்டி இப்போதைக்கு முடியாமல் இருக்கட்டும் என்று கேட்டேன். யாருக்காக அது செய்யப்படுகிறதோ, அந்தச் சீவனின் நினைப்பே அந்த நிமிடம் எனக்கு இல்லை.

டாக்டர் அம்மா சொன்னது

மல்லி கீரையை மிச்சம் வைக்கத் தொடங்கியது. வயிறு சரியில்லையோ என்று பப்பாளியை மசித்து வைத்தேன். நாக்கை நீட்டியது, பிடிக்க வரவில்லை. பின்னங்கால் வீங்கி, சதை போட்டதுபோலத் தெரிந்தது. கொழுத்திருக்கிறது என்று நினைத்து சந்தோஷப்பட்டேன். பிறகொரு நாள் அது நகர்ந்தபோது அந்தக் கால் கூட வரவில்லை, இழுபட்டது. விரல்கள் மட்டும் தனியாக நடுங்கின.

மகளுக்கு வீடியோவில் காட்டினேன். மறுநாள் காலையில் வந்து நின்றாள். மூவருமாக ஆட்டோவில் மாட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவர் கிரேடை மடியில் வைத்துக்கொண்டார்.

அங்கே ஆடும் கோழியும் நாயுமாகக் காத்திருந்தார்கள். எங்கள் கிரேடைச் சுற்றிக் கூட்டம் கூடியது. டாக்டர் சின்ன வயதுப் பெண். இந்தச் சீவனை முன்பே பார்த்துப் பழகியவர்போல நிதானமாகக் கையிலெடுத்தார். கட்டைவிரலால் தாடையை லேசாக அழுத்தினார். தாடை வளைந்து கொடுத்தது.

"எலும்பு ரப்பர் மாதிரி ஆயிட்டு. வெயில்ல வச்சீங்களா?"

"லைட்டு இருக்கு டாக்டர். இதுக்குன்னே உள்ள லைட்டு," என்றாள் ரிஸ்வானா. "ஒருநாள்கூடப் போடாம விட்டதில்ல."

"எப்ப வாங்கினது?"

மகள் விழித்தாள். தோழி வைத்திருந்தது. அவள் எப்போது வாங்கினாளோ.

"அது எரியத்தான் செய்யும்," என்றார் டாக்டர். "வெளிச்சம் அப்படியே இருக்கும். ஆனா இதுக்கு வேண்டிய கதிர் கொஞ்ச மாசத்துல தீர்ந்திரும். நம்ம கண்ணுக்குத் தெரியாது. லைட்டை மாத்திரணும். இல்லேன்னா காலையில கொஞ்ச நேரம் வெயில்ல வச்சாலே போதும். நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். குத்திக்காட்டுகிற தொனி எதுவும் இல்லை. மகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இது தெரியாது டாக்டர்," என்றாள். சின்னப் பிள்ளையாக இருந்தபோது டம்ளரை உடைத்துவிட்டு நிற்கும்போது இருக்குமே, அந்தக் குரல்.

என் கணவர் வாசல் பக்கம் நின்றிருந்தார். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இனிமே வெயில்ல வச்சா சரியாயிருமா?"

டாக்டர் ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே, "வச்சுப் பாருங்க," என்றார். நிமிரவில்லை.

திரும்புகிறபோது ஆற்றுப்பாலத்தில் நெரிசல். ஆட்டோ நின்றுவிட்டது. கீழே ஆற்றில் வெயில் பட்டுக் கண் கூசியது. கைப்பிடிச்சுவர், தண்ணீர் லாரி, எதிரே வந்த பஸ்ஸின் கண்ணாடி, எல்லாவற்றிலும் வெயில். கம்பிவலை போட்டு மாடியில் வைத்துவிடுவோம் என்று அவர் முதல் வாரத்தில் சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும். கிரேடின் மேல் கையைக் குடையாக வைத்து மறைத்திருந்தவர், மெதுவாகக் கையை எடுத்துவிட்டார். வெயில் மல்லியின் முதுகில் விழுந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

மாடி

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகப் பின்கட்டுக்குப் போனார். உளிச்சத்தம் தொடங்கியது. கடைசியாகப் பல் வெட்டி, சரியில்லை என்று ஒதுக்கிவைத்திருந்த பலகைகளையே எடுத்துச் செருகித் தட்டினார். போன் விளக்கைப் பிடித்துப் பார்க்கவில்லை. மாதக்கணக்கில் இழுத்த வேலையை அன்று பொழுது சாய்வதற்குள் முடித்துவிட்டார். மகள் கம்பிவலையைப் பிடித்துக்கொள்ள, அவர் மரச்சட்டத்தை அதன்மேல் பூட்டினார். மூவருமாகத் தூக்கி மாடியில் வைத்தோம். என் கையில் ஒரு சிராய் ஏறியது. எடுக்கத் தோன்றவில்லை.

காலை வெயிலில் மல்லியை உள்ளே விட்டோம். வேப்பங்கிளை நட்டிருந்தார். அதில் ஏறுவதற்கு அதனிடம் தெம்பில்லை. அவர் தூக்கி வைத்தார். கொஞ்ச நேரத்தில் மங்கிக்கிடந்த தோல் பளிச்சென்று தெளிந்தது. கண்ணை மூடி, தாடையைக் கிளையில் வைத்து, வெயிலை வாங்கிக்கொண்டு கிடந்தது. மகள் செம்பருத்தி இதழைக் கிழித்து வாயருகே கொண்டுபோனாள். தின்றது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். பிழைத்துவிடும் என்று நானும் நம்பினேன்.

அவள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஊசி போடுவதற்கு மட்டும் அவர் கிரேடில் வைத்துக் கொண்டுபோய் வந்தார். மற்ற நேரமெல்லாம் மாடியில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிழலுக்கு நகரச் சொன்னால் கேட்கமாட்டார். கழுத்தும் நெற்றியும் கறுத்துப்போயின. மோரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். ஒரு தடவை, "பாரு, கால அசைக்கு," என்று காட்டினார். நான் பார்த்தபோது அசையவில்லை.

ஒரு காலையில் படியிறங்கி வந்து, "போயிட்டு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கொல்லையில் முருங்கைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். தேவைக்கு மேல் ஆழமாக வெட்டிக்கொண்டே போனார். போதுங்க என்று நான் மண்வெட்டியைப் பிடித்த பிறகுதான் நிறுத்தினார். மல்லியைப் பழைய துண்டில் சுற்றியிருந்தேன். வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டி உள்ளே வைப்பதற்கு அவருக்கு நெடுநேரம் பிடித்தது.

மகளுக்கு நான்தான் சொன்னேன். போனில், எப்போது என்று கேட்டாள். பிறகு, "என் லைட்டுதான உம்மா. நான் கொண்டாந்த லைட்டாலதான," என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"லைட்டு நல்லாத்தான்மா இருந்திச்சு," என்றார். "நான் பாத்தேன்லா. நல்ல லைட்டு அது. மல்லிக்கு அல்லா குடுத்த ஹயாத்து அவ்வளவுதான்."

டாக்டர் சொன்னபோது மகள் பக்கத்தில்தான் நின்றாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது. அவருக்கும் அது தெரியும்.

"சரி வாப்பா," என்றாள்.

அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் அத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் அவர் பேசி நான் கேட்கவில்லை.

உளிகளை அண்ணாச்சி வந்து எடுத்துப் போனார். பெட்டியைக் கேட்டு ஒரு ஆள் இருப்பதாகவும் சொல்லிப் பார்த்தார். என் கணவர் அவரை ஏறிட்டுப் பார்த்தார். அண்ணாச்சி என்னிடம் திரும்பி, "நான் வாரேம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அதன் பிறகு அவர் வருவதும் குறைந்துவிட்டது. வந்து அவரும்தான் என்ன செய்வார்.

பாளையங்கோட்டை டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அது தூக்கத்துக்கு மட்டும் உதவுகிறது. நான் பள்ளிக்குப் பஸ்ஸில் போகிறேன். வந்து விளக்கைப் போடுகிறபோது, காலையில் விட்டுப்போன இடத்திலேயே அவர் இருக்கிறார். கேட்டதற்குத் தலையை ஆட்டுகிறார். பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மாதங்களில்தான் கடைசியாக நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம் என்று தோன்றுகிறது. அதன் விலை என்ன என்பதும் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பெட்டி மாடியிலேயே நிற்கிறது. ஒரு முழு மழைக்காலத்தையும், அதையடுத்து ஒரு கோடையையும் பார்த்துவிட்டது. தேக்கு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. போன வாரம் துணி காயப்போடப் போனவள், அதன் பக்கத்தில் உட்கார்ந்து மூலைகளைத் தடவிப் பார்த்தேன். நகத்தை விட்டுப் பார்த்தேன். நுழையவில்லை.

இறங்கி வந்து சொன்னேன். "இம்புட்டு மழைக்கும் வெயிலுக்கும் ஒரு மூலைகூட விலகலைங்க."

கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"விலகாது."